ஏழைகளின் வெள்ளி: மெக்சிகோவின் தகர வேலைப்பாடு

மெக்சிகோவின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் கண்ணாடிச் சட்டம், விளக்குக் கூண்டு, சாமி படத்துக்கான சிறு மாடம், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் நட்சத்திரம் எனப் பல அலங்காரப் பொருள்கள் தகரத்தில் செய்யப்படுகின்றன. தகட்டை வெட்டி, சிறு அச்சுகளால் புள்ளியும் கோடும் பதித்து இவற்றை உருவாக்குகிறார்கள். இந்தத் தகட்டை ஸ்பானிய மொழியில் 'ஓஹலாத்தா' என்பார்கள்.

தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு அல்லது எஃகுத் தகடு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் பூசுவது எளிது. அந்தப் பூச்சு இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது; வெள்ளியைப் போன்ற பளபளப்பையும் தருகிறது. ஐரோப்பாவில் பொஹீமியாவிலும் சாக்சனியிலும் இத்தொழில் முதலில் வளர்ந்தது. பின்னர் தெற்கு வேல்ஸின் ஆலைகள் இரும்பை உருளைகளுக்கிடையே கொடுத்துச் சீரான தகடாக்கின. 19ஆம் நூற்றாண்டில் தகரம் உலகெங்கும் மலிவாகக் கிடைத்தது.

மெக்சிகோவில் இக்கலை வேரூன்றியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. சகாத்தேகாஸில் 1546இல் பெரும் வெள்ளிப் படிவங்கள் கண்டறியப்பட்டன. ஆனால் அந்த வெள்ளியில் பெரும்பங்கு ஸ்பெயினுக்கும், மணிலா வழியாக ஆசியாவுக்கும் கப்பலேறியது. வெள்ளித் திருப்பொருள்கள் வசதி படைத்த ஆலயங்களுக்கே வாய்த்தன. எளியவர்கள் அதே வடிவங்களைத் தகரத்தில் செய்துகொண்டார்கள். அதனால் தகரம் 'ஏழைகளின் வெள்ளி' எனப்பட்டது. வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றியாக, நடந்ததைத் தகரத் தகட்டில் ஓவியமாகத் தீட்டி ஆலயத்தில் மாட்டும் வழக்கமும் பரவியது. ஓவியர் ஃப்ரீடா காலோ இவற்றைச் சேகரித்தார். தாமும் உலோகத் தகட்டில் ஓவியங்கள் தீட்டினார். கை, கால், கண், இதய வடிவில் சிறு உலோக உருவங்களைக் காணிக்கையாக்கும் வழக்கமும் அங்கே உண்டு. நம் அம்மன் கோயில்களில் கண்மலர் சாத்துவதைப் போன்றது அது.

செய்முறைக்குச் சில கருவிகள் போதும். முதலில் வடிவத்தைத் தகட்டில் வரைந்து, தகடு வெட்டும் கத்தரியால் நறுக்குவார்கள். கூரான ஓரங்களை அராவிய பின், தகட்டை மரக்கட்டை அல்லது ஈயக்கட்டி மீது வைப்பார்கள். அடியில் இருப்பது சற்று இளகிக்கொடுத்தால்தான் தகடு கிழியாமல் குழியும். அதன்மேல் அச்சை நிறுத்திச் சுத்தியால் ஒரே அடி. நேர்கோடு, பிறை, வட்டம், புள்ளி என ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு முனை. பழைய உளியையும் ஆணியையும் தீட்டிக்கூட அச்சு செய்துகொள்வார்கள். பிறைகளை அடுக்கினால் செதில். வட்டமாகச் சுற்றினால் பூ. பின்புறம் அடித்தால் முன்புறத்தில் உருவம் புடைத்தெழும். அடியின் வேகம் கூடினால் தகடு ஓட்டையாகும். குறைந்தால் கோடு தெளியாது. இந்த அளவு கைப்பழக்கத்தில்தான் வரும். இறுதியில் பகுதிகளை ஈயப்பற்று வைத்து இணைப்பார்கள்.

பதித்த ஒவ்வொரு குழியும் வெளிச்சத்தை வெவ்வேறு கோணத்தில் திருப்புவதால், தட்டையான மலிவுத் தகடு மினுமினுக்கும் பரப்பாக மாறுகிறது. இக்கலையின் முழு அழகும் இந்த வித்தையில்தான் அடங்கியிருக்கிறது. சான் மிகேல் தே ஆயேந்தேயில் தகரத்தின் சொந்த நிறத்தையே பெரிதும் விட்டுவைக்கிறார்கள். வஹாக்காவில் சூரியன், சேவல், தேவதை, திரு இருதயம் ஆகிய உருவங்களுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசுகிறார்கள். ஒளி ஊடுருவும் வண்ணம் என்பதால் அடியிலுள்ள உலோகம் மின்னுவது தெரியும்.

வடக்கே நியூ மெக்சிகோவில் இக்கலை தனி வழியில் வளர்ந்தது. 1821இல் சாண்டா ஃபே வணிகப்பாதை திறந்தது. 1846இல் அமெரிக்கப் படை வந்தது. இவற்றோடு உணவும் எண்ணெயும் அடைத்து வந்த தகர டப்பாக்களைக் கைவினைஞர்கள் பிரித்து விரித்து, அச்சிட்ட புனிதர் படங்களுக்குச் சட்டம் செய்தார்கள். பழைய சட்டங்கள் சிலவற்றில் டப்பாவின் வணிக முத்திரை இன்றும் தெரிகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலையில் செய்த படச்சட்டங்கள் வந்ததும் தேவை சரிந்தது. 1930களில் தொழிற்கல்வி வகுப்புகள் இக்கலையை மீண்டும் கற்பித்தன. இன்று மெக்சிகோவின் சந்தைகளிலும் சாண்டா ஃபேயின் கைவினைச் சந்தையிலும் இவை விற்பனையாகின்றன. அச்சும் சுத்தியும் இன்னும் கைவினைஞர் கையிலேயே இருக்கின்றன.