குட்டி யானைக்குத் தீனி எவ்வளவு?

பழைய சரக்கு வாகனம் வாங்க நினைக்கும் வணிகர்களுக்குச் சில கணக்குகள்

சரக்கு எடுத்து வர வாடகை வண்டியை நம்பியிருந்த சிறு வணிகர்கள் பலர் இன்று சொந்த வண்டி வைத்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகுதான் இந்த மாற்றம் வேகம் பிடித்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் சரக்கு, குறுகிய தெருவிலும் திரும்பும் உடல் என்று வந்த அந்த வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னர் பிற நிறுவனங்களும் இத்தகைய வண்டிகளைக் கொண்டு வந்தன. இன்று பழைய வண்டிச் சந்தையில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன.

ஆனால் யானையை வாங்குவது பெரிதல்ல, கட்டித் தீனி போடுவதுதான் பெரிது. வண்டியின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். டீசலுக்கு நாள்தோறும் கொடுக்கிறோம். எனவே பழைய வண்டி வாங்கும்போது விலையைப் போலவே எரிபொருள் செலவையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஓட்டம் எவ்வளவு?

ஒரு வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. நல்ல பராமரிப்பில் உள்ள மற்றொன்று 20 கொடுக்கிறது. இரண்டாவது வண்டிக்கு 40,000 ரூபாய் கூடுதல் விலை கேட்கிறார்கள். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக் கொள்வோம்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் முதல் வண்டிக்கு 100 லிட்டர், இரண்டாவதற்கு 75 லிட்டர். மாதம் 2,250 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 40,000 ரூபாய் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். நூறு ரூபாய் விற்பனையில் 5 ரூபாய் நிற்கும் கடையில் இந்த 2,250 ரூபாயைச் சம்பாதிக்க 45,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே வண்டி மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் மிச்சம் 600 ரூபாய் மட்டுமே. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 40,000-க்கு மாத வட்டியே 400 ரூபாய் ஆகிவிடும். எனவே ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் மைலேஜுக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. எஞ்சினும் சேசிஸும் உறுதியாக இருந்தால் போதும்.

சரக்குக்கு ஏற்ற வண்டி

மைலேஜ் கூடுதல் என்பதாலேயே சிறிய வண்டி எல்லோருக்கும் சிக்கனமாகிவிடாது. 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மொத்தச் சந்தையிலிருந்து மாதம் 9 டன் மளிகை எடுக்கும் வணிகருக்கு, முக்கால் டன் வண்டி என்றால் 12 நடை. 960 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கொடுத்தாலும் 53 லிட்டர் ஆகும். ஒன்றரை டன் ஏற்றும் வண்டிக்கு 6 நடைதான். 480 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 தான் கொடுக்கிறது என்றாலும் 40 லிட்டரில் வேலை முடிகிறது. ஓட்டுநரின் ஆறு நாள் வேலையும் மிச்சம்.

காய்கறி வணிகருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அதே தூரத்திலிருந்து தினமும் 300 கிலோ புதிதாக எடுத்து வந்தாக வேண்டும். 30 நடை, 2,400 கிலோமீட்டர். சிறிய வண்டிக்கு 133 லிட்டர், பெரிய வண்டிக்கு 200 லிட்டர். இங்கே பெரிய வண்டி வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வீண். ஆகவே வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு மாதச் சரக்கு எடை, நடை, தூரம் மூன்றையும் தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

டீசலா, பெட்ரோலா?

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள் நின்று நின்று குறைந்த தூரமே ஓடினால் அந்தக் கரி எரியாமல் அடைத்துக் கொள்ளும், செலவு வைக்கும். தினமும் 10, 15 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் வண்டியையோ, அருகில் பங்க் இருந்தால் சி.என்.ஜி. வண்டியையோ யோசிக்கலாம். நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு டீசல் ஏற்றது.

வாய்ச்சொல் வேண்டாம், அளந்து பாருங்கள்

"லிட்டருக்கு 22 தருகிறது" என்று தரகர் சொல்வார். மறுத்துப் பேசாமல் அளந்து பார்த்துவிடுவது நல்லது. ஒரு பங்கில் டேங்கை நிரப்பிக் கொள்ளுங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றி, வழக்கமான பாதையில் 60 முதல் 100 கிலோமீட்டர் வரை ஓட்டுங்கள். திரும்பி வந்து அதே பங்கில், அதே குழாயில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். டீசல் செலவை நாமே ஏற்பதாகச் சொன்னால் விற்பவரும் பெரும்பாலும் மறுப்பதில்லை.

மைலேஜ் குறைவாக இருந்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டும். சில குறைகளைச் சில நூறு ரூபாயில் தீர்க்கலாம். சில குறைகள் முதலுக்கே மோசம் செய்யும்.

1. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். எளிதில் சுற்றாவிட்டால் பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது அல்லது பேரிங் கெட்டிருக்கிறது.

2. ஏர் பில்டர் அடைப்பு, டயரில் காற்றுக் குறைவு, சக்கர நேர்ப்பாடு தவறுதல் ஆகியவை சிறு செலவில் தீருபவை. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் நேர்ப்பாட்டைப் பாருங்கள்.

3. மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் கூடி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

4. எஞ்சின் சூடான பிறகும் கரும்புகை வந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி அது. விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

5. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். நாம் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் மீண்டும் போங்கள்.

6. மீட்டர் 60,000 காட்டி, கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

7. பின் வில்லில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி. சேசிஸில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள்.

பெயர் மாற்றம்: இருவருக்கும் பொறுப்பு

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி, பசுமை வரி, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. கட்டாயம் வேண்டும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டியைத் தெரிந்தவருக்கு விற்றுவிட்டு, படிவங்கள் 29, 30 இரண்டிலும் வெறுங்கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இது ஆபத்தானது. வண்டி பலரிடம் கைமாறியிருந்தாலும், விபத்து நேர்ந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. கடையும் வீடும் அந்த இழப்பீட்டில் சிக்கக்கூடும். மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கிய பின்

வண்டிக்கென்று ஒரு சிறு நோட்டுப் போடுங்கள். டீசல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, மீட்டர் எண், லிட்டர் மூன்றையும் ஓட்டுநரை எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் வகுத்துப் பாருங்கள். 18 கொடுத்த வண்டி திடீரென 14-க்கு இறங்கினால் வண்டியில் குறை இருக்கலாம், பாரம் கூடியிருக்கலாம், டீசல் வேறு வழியில் போகவும் செய்யலாம். எதுவானாலும் அந்த மாதமே தெரிந்துவிடும்.

கல்லாக் கணக்கைப் பைசா விடாமல் பார்க்கும் வணிகப் பெருமக்கள், வாசலில் நிற்கும் வண்டியின் கணக்கையும் அவ்வாறே பார்த்து வந்தால் லாபத்தின் ஒரு பகுதி டீசல் புகையாய்ப் போகாமல் காக்கலாம்.