அணைக்கக் கூடாத கிளாக்குகள்

கம்ப்யூட்டரில் கடிகாரம் என்றவுடன் திரையின் ஓரத்தில் நேரம் காட்டும் கடிகாரம்தான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பார்க்கப் போவது வேறு. ப்ராசஸர், மெமரி, நெட்வொர்க் சிப் என எல்லாமே ஒரு மின்துடிப்பின் தாளத்திற்கு ஏற்பத்தான் இயங்குகின்றன. இந்தத் துடிப்பைத்தான் கிளாக் என்கிறோம். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடி துடிப்புகள். துடிப்பு நின்றால் அந்தப் பகுதியின் வேலையும் நின்றுவிடும்.

ஏன் அணைக்க வேண்டும்?

கிளாக் ஓடிக்கொண்டே இருந்தால் மின்சாரம் செலவாகும். எனவே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பூட் ஆகி முடியும் கட்டத்தில், எந்த டிரைவரும் கேட்டுப் பெறாத கிளாக்குகளை அணைத்துவிடுகிறது. இவற்றை நிர்வகிக்கும் பொது அமைப்பு 2012-ல் வெளியான 3.4 பதிப்பில் சேர்ந்தது.

ஆனால் மெமரி போன்ற பகுதிகளின் கிளாக்கை எந்த டிரைவரும் கேட்காமல் இருக்கலாம். அதை அணைத்தால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும்! இதற்காக 2016-ல் 'இன்றியமையாதது' என்ற முத்திரை வந்தது. முத்திரை பெற்ற கிளாக்கைக் கெர்னலே இயக்கி, அணையாமல் பார்த்துக்கொள்ளும்.

நெட்வொர்க்கா, பேட்டரியா?

முத்திரையை அள்ளித் தெளித்தாலும் ஆபத்துதான். இன்டெல்லின் பே ட்ரெயில் வகைச் சிப் கொண்ட சில லேப்டாப்களில், நெட்வொர்க் சிப்புக்கான கிளாக் அணைந்து இணைப்பு போனது. 2017-ல், பயாஸ் ஏற்கெனவே இயக்கி வைத்த கிளாக்குகள் அனைத்திற்கும் முத்திரை குத்தினார்கள். நெட்வொர்க் வந்தது. ஆனால் மூடி வைத்த லேப்டாப் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவில்லை, பேட்டரி கரைந்தது.

2018-ல் முத்திரையை நீக்கி, நெட்வொர்க் டிரைவரே தனக்கு வேண்டிய கிளாக்கைக் கேட்டுப் பெறும்படி மாற்றினார்கள். பல நெட்வொர்க் சிப்கள் வெவ்வேறு கிளாக்குகளில் ஓடும் சில தொழிற்சாலை போர்டுகளுக்கு அதுவும் போதவில்லை. எனவே 2019-ல் அவற்றுக்கு மட்டும் முத்திரை திரும்பியது.

உங்களுக்கு என்ன பயன்?

லினக்ஸ் கெர்னலை அப்டேட் செய்தபின் நெட்வொர்க்கோ சவுண்டோ திடீரென மறைந்தால், ஹார்டுவேர் பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் சரியாக இயங்கினால் சிப்பில் குறையில்லை. கடைக்குத் தூக்கிச் சென்று புதிய கார்டு வாங்கும் செலவு மிச்சம்!