கார் ரூஃப் லைனிங்கில் மழைத்தண்ணீர் கறையா? துடைக்கும் முன் இதைப் பாருங்க!

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காரைக்குடி வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை கூடும். அரியக்குடி திருவேங்கடமுடையான் கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, மரத்தடியில் நிறுத்திய காரில் வந்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே உள்ள துணியில் டீ சிந்தியது போல ஒரு பழுப்பு வட்டம். உடனே ஈரத்துணியை எடுத்துத் தேய்க்கத்தான் கை போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது.

கறை ஏன் வட்டமாக விழுகிறது?

துணியில் இறங்கும் தண்ணீர், அங்குள்ள தூசியையும் அழுக்கையும் கரைத்துக்கொண்டு பரவுகிறது. ஈரத்தின் ஓரம்தான் வேகமாகக் காயும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஓரத்தை நோக்கி நகர்ந்து, சுமந்து வந்த அழுக்கை அங்கேயே விட்டுவிடும். சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருப்பது ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் விளக்கியதும் இதே சங்கதிதான். அதனால் கறையை மட்டும் நனைத்துத் தேய்த்தால், பழைய வட்டத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு பெரிய வட்டம் விழும்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

ஒழுகும் இடத்தை அடைக்காமல் கறையை எடுத்தால் அடுத்த மழைக்கே திரும்ப வந்துவிடும். சன்ரூஃப் உள்ள கார் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். செட்டிநாட்டு வீட்டு வளவில் விழும் மழைத்தண்ணீர் வடிகால் வழியே வெளியேறுவது போல, சன்ரூஃபைச் சுற்றிக் கசியும் தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே காருக்கு அடியில் இறங்கிவிடும். வேப்பஞ்சருகும் தூசியும் குழாயை அடைத்துக்கொண்டால், தட்டு நிரம்பி லைனிங்கில் வழியும்.

தட்டின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. காருக்கு அடியில் சொட்டவில்லை என்றால் அடைப்பு. மெல்லிய நைலான் இழையை மெதுவாக விட்டு எடுக்கலாம். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் இணைப்பே கழன்றுவிடலாம்.

சன்ரூஃப் இல்லாத காரில் முன் கண்ணாடி ஓரம், ஆன்டெனா அடிப்பகுதி, ரூஃப் ரெயில், கதவு ரப்பர் ஆகியவற்றைப் பாருங்க. தகரத்தின் அடிப்பக்கமாக ஓடிவந்து வேறு இடத்தில் சொட்டும் என்பதால், கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கறையை எடுப்பது எப்படி?

1. கண்ணாடிகளை இறக்கி வெயிலில் நிறுத்தி லைனிங்கை முழுசா காயவிடுங்க. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்க.

2. உப்புத்தண்ணீர் வேண்டாம், அதுவே கறை விடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் சில சொட்டு மைல்டு ஷாம்பூ விட்டு நுரைக்க அடித்துக்கொள்ளுங்க.

3. நுரையை மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்க. நிறம் போகவில்லை என்றால் கறையை ஒற்றி எடுங்க.

4. அதன்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, லைனிங் முழுவதையும் ஒரே திசையில் லேசாகத் துடைங்க. எல்லா இடமும் ஒரே மாதிரி காய்ந்தால்தான் வட்டம் விழாது.

5. டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, கதவுகளைத் திறந்து காயவிடுங்க. பழுப்பு மிச்சம் இருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து இதே முறையில் துடைக்கலாம்.

இதெல்லாம் செய்யாதீங்க

ரூஃப் லைனிங் வெறும் துணி இல்லை. அட்டை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் துணி என்று பசையால் ஒட்டப்பட்டது. அதிகமாக நனைத்தாலோ, ஸ்டீம் அடித்தாலோ, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தாலோ பசை விட்டு, துணி தொட்டில் போலத் தொங்கிவிடும். அப்புறம் குஷன் கடையில் புதுத் துணி ஒட்டுவதுதான் வழி. பிளீச்சிங் வேண்டாம், அதை வினிகருடன் கலந்தால் நச்சு வாயு வரும். லைனிங்கை நீங்களே கழற்றவும் வேண்டாம். பல கார்களில் கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரத்தில்தான் இருக்கிறது. கரும்புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தாலும், ரூஃப் லைட் அருகில் ஈரம் இருந்தாலும் ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிடுவது நல்லது.

பழைய கார் வாங்குறீங்களா?

விலை பேசும் முன் ஒருமுறை மேலே நிமிர்ந்து பாருங்க. கறை இருந்தால் அது வெறும் ஒழுகலா, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று கேட்க வேண்டும். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரிகிறதா, கார்பெட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், லைனிங்கைவிடப் பெரிய செலவு ஒயரிங்கில் காத்திருக்கலாம்.

சொந்தக் கார் என்றால் புரட்டாசியிலேயே சன்ரூஃப் தட்டில் உள்ள சருகை எடுத்துவிடுங்க. பத்து நிமிட வேலைதான்.