நான்கு கிதார்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

இசையைத் தொழிலாகக் கொள்ளாத நான்கு நண்பர்கள், ஆளுக்கொரு கிதாருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடை கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஒருவர் தமக்குத் தெரிந்த பாட்டொன்றைத் தொடங்குவார். மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். இப்படிக் கூடி வாசிப்பதை ‘ஜாம்’ என்று அழைப்பது அமெரிக்க ஜாஸ் கலைஞர்களிடமிருந்து வந்த வழக்கம். கூலிக்கு வாசிக்கும் வேலை முடிந்த பின்னர், நள்ளிரவில் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்காக அவர்கள் கூடி வாசித்தார்கள். இன்று கிதார் உள்ள ஊர்களிலெல்லாம் ஜாமும் இருக்கிறது.

இத்தகைய கூட்டங்களில் முதல் அரைமணி நேரம் பாட்டில் கழிவதில்லை. சுருதி சேர்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. தனித்தனியே கேட்டால் ஒவ்வொரு கிதாரும் நன்றாகத்தான் இருக்கிறது. நான்கும் சேர்ந்தால் ஏதோ ஒரு புளிப்புத் தட்டுகிறது. யாருடைய கருவி சரி, யாருடையது தவறு என்று பேச்சு வளர்கிறது. முடிவில், கூட்டத்திற்குப் புதிதாக வந்தவர்தாம் பழியை ஏற்றுக்கொள்வார். ‘எனக்குக் காது போதாது’ என்று முடிவுகட்டி, அடுத்த வாரம் வராமலே இருந்துவிடுவார். இப்படிக் கிதாரைப் பரண்மேல் ஏற்றியவர்கள் பலர். அவர்களிற் பெரும்பாலோர் காதில் ஒரு குறையும் இல்லை. குறை கணக்கில் இருக்கிறது. அது எந்தக் கணக்கு என்று பார்ப்போம்.

கிதாரில் ஆறு தந்திகள். மேலேயிருந்து கீழாக, தடித்ததிலிருந்து மெல்லியதாக, அவற்றிற்கு ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஈ என்று பெயர். தடித்த ஈ தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. ஏ தந்தி 110 முறை. மெல்லிய ஈ தந்தி 330 முறை. ஒரு தந்தியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்று பள்ளியில் சுரமானியைக் கொண்டு படித்திருப்பீர்கள். இந்த விதிகளை மெர்சென் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1636-இல் வெளியிட்டார். கிதாரில் ஆறு தந்திகளுக்கும் நீளம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 65 செ.மீ. ஆகவே தடிமனை வேறுபடுத்தியும், முறுக்காணியால் இழுவிசையைச் சரிப்படுத்தியும்தான் சுருதி அமைக்க வேண்டும்.

எஃகுத் தந்தி பூட்டிய கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை, ஒரு வளர்ந்த ஆளின் எடைக்குச் சமம். மெல்லிய பலகையால் ஆன ஒரு பெட்டி அத்தனை விசையையும் இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! இதில் சிறிது மாறினாலும் சுருதி நகர்ந்துவிடும். வெயிலில் வைத்த கிதாரில் எஃகுத் தந்தி நீண்டு, இழுவிசை குறைந்து, சுருதி இறங்குகிறது. காற்றில் ஈரம் மிகும்போது பலகை உப்பித் தந்தியை மேலும் இழுப்பதால் சுருதி ஏறுகிறது. புதுத் தந்தி சில நாள் வரை இளகிக்கொண்டே இருக்கும். வீட்டில் மின்விசிறியின்கீழ்ச் சேர்த்த சுருதி மாடிக்கு வந்ததும் ஏன் நிற்பதில்லை என்பது இப்போது விளங்குமே.

ஆனால் இவையெல்லாம் சில்லறைக் காரணங்கள். முறுக்காணியைத் திருகினால் தீர்ந்துபோகும்.

விம்மல்களை எண்ணுங்கள்

திருகுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதை இயற்கையே தந்திருக்கிறது. இரண்டு கிதார்களின் ஏ தந்திகளை ஒரே சமயத்தில் மீட்டுங்கள். ஒன்று 110 அதிர்வும் மற்றது 111 அதிர்வும் தருவதாகக் கொள்வோம். இரு அலைகளும் ஒரு கணம் சேர்ந்து உயரும்; அரை விநாடி கழித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; மறுபடி சேரும். ஒலி ‘வாவ்... வாவ்...’ என்று விநாடிக்கு ஒருமுறை பெருகித் தணியும். இவைதாம் விம்மல்கள். விநாடிக்கு எத்தனை விம்மல்களோ அத்தனை அதிர்வு வேறுபாடு. தந்தியை மெல்ல முறுக்கும்போது விம்மல்கள் மெதுவாகிக்கொண்டே வந்தால் சரியான திசையில் போகிறீர்கள். விரைவானால் எதிர்த்திசையில் திருப்புங்கள். விம்மல் முற்றும் நின்றால் இரண்டும் ஒன்று.

இதற்கு இசை ஞானம் எதுவும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். ‘காது போதாது’ என்று ஒதுங்கிய நண்பரை இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்.

அப்படியானால் எல்லாத் தந்திகளையும் விம்மல் இல்லாமல் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் கதை சுவையாகிறது.

மெட்டுகளின் கணக்கு

கிதாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கிறார்கள். ஃபிரெட் என்பார்கள், வீணையில் மெட்டு என்கிறோம். எந்த மெட்டில் அழுத்துகிறோமோ அதிலிருந்து குதிரைவரை உள்ள தந்தி மட்டும் அதிர்கிறது. 12-ஆம் மெட்டு தந்தியைச் சரிபாதியாக்குகிறது. அங்கே அதிர்வெண் இரண்டு மடங்காகி, மேல் ஸ்தாயி கிடைக்கிறது. இடையிலுள்ள பன்னிரண்டு படிகளும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டுமானால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை எதனால் பெருக்க வேண்டும்? பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரவேண்டும். அந்த எண் 1.0595. 65 செ.மீ. தந்தியில் முதல் மெட்டு தலைப்பிலிருந்து 3.65 செ.மீ. தூரத்தில் அமையும், 11-ஆம் மெட்டுக்கும் 12-ஆம் மெட்டுக்கும் இடையே 1.93 செ.மீ. மட்டுமே இருக்கும். ஓர் அடிக்கோலை எடுத்து உங்கள் கிதாரை அளந்து பாருங்கள்.

சீன நாட்டு இளவரசர் ஜூ ஜாய்யூ இந்த எண்ணை 1584-இல் மிகத் துல்லியமாகக் கணித்து வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்னர் இத்தாலியில் வின்செஞ்சோ கலிலேய் என்பவர், லூட் என்னும் தந்திக் கருவிக்கு எளிய வழியொன்று சொன்னார்: மிஞ்சும் தந்தியை 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டை வை. (இவர் விஞ்ஞானி கலிலியோவின் தந்தை.) இதன்படி 12-ஆம் மெட்டு பாதிக்கு வராமல் சுமார் 2.4 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும். ஆயினும் தொழிலாளர்கள் நெடுங்காலம் இந்த வழியைக் கைவிடவில்லை. காரணம் வேடிக்கையானது. தந்தியை விரலால் மெட்டின்மேல் அழுத்தும்போது அது சற்றே நீட்டப்பட்டு, சுருதி ஏறுகிறது. ஒரு தவற்றை மற்றொரு தவறு ஓரளவு ஈடுசெய்துவிட்டது! இன்றைய எஃகுத் தந்திக் கிதாரில் மெட்டுகள் சரியான கணக்கில் இருக்கின்றன. ஈடு செய்யும் வேலை குதிரைக்கு. குதிரைமேல் உள்ள வெள்ளைப் பட்டை சாய்வாகப் பதிந்திருப்பது அதனால்தான். தடித்த தந்திக்கு இழப்பீடு அதிகம்.

இந்தச் சம விகிதப் படிகளில் ஒரு விலை கொடுக்கிறோம். காதுக்கு மிக இனிய இணைகள், அதிர்வெண்கள் சிறிய முழு எண் விகிதத்தில் இருப்பவை. ஜி தந்தியும் பி தந்தியும் 4-க்கு 5 என்று இருந்தால் விம்மலே இராது. ஜி 196 என்றால் பி 245 ஆக வேண்டும். ஆனால் மெட்டுக் கணக்கோ 246.9 என்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, ஜி தந்தியின் ஐந்தாம் சீரிசையும் (980), பி தந்தியின் நான்காம் சீரிசையும் (988) மோதி, விநாடிக்கு எட்டு விம்மல்கள் எழுகின்றன.

இப்போது மாடிக்குத் திரும்புவோம். நல்ல காதுள்ள ஒரு நண்பர் ஜி கார்டைப் பிடித்து மீட்டுகிறார். அதில் ஜி தந்தியும் பி தந்தியும் அழுத்தாமல் ஒலிக்கின்றன. அந்த எட்டு விம்மல் அவரை உறுத்துகிறது. பி தந்தியைச் சற்றுத் தளர்த்தி 245-க்குக் கொண்டுவருகிறார். ஆகா, தேன்! அடுத்து ஈ கார்டைப் பிடிக்கிறார். அங்கும் பி தந்தி அழுத்தாமலே ஒலிக்கிறது; ஆனால் இங்கே அதன் துணை வேறு. நான்காம் தந்தியில் 164.8 அதிர்வுள்ள ஈ சுரம். அதற்கு பி ஒன்றரை மடங்கு, அதாவது 247.2 இருக்க வேண்டும். தளர்த்திய 245 இங்கே விநாடிக்கு நான்குக்கு மேல் விம்மல் தருகிறது. முன்பு இரண்டு விநாடிக்கு ஒன்றுதான் இருந்தது. ஆக, ஜி கார்டைத் திருத்தியவர் ஈ கார்டைக் கெடுத்தார். ஈ கார்டைத் திருத்தினால் ஜி கெடும். நல்ல காது உள்ளவர்தாம் இந்தச் சுழலில் அதிகம் சிக்குகிறார் என்பதைக் கவனியுங்கள்! நான்கு பேர் நான்கு வெவ்வேறு கார்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டால் நிலைமை என்னவாகும்?

தம்பூரா கேட்டு வளர்ந்த நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றும். கருநாடக இசையில் ஆதார சட்ஜம் ஒன்று. அது கச்சேரி முழுவதும் மாறுவதில்லை. எல்லாச் சுரங்களையும் அந்த ஒன்றோடு ஒப்பிட்டே தூய்மையாகச் சேர்க்கலாம். வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிப்பதும், காதால் கேட்டுக் கேட்டே இடம் குறிப்பதும் இதனால் இயல்கிறது. கிதாரிலோ கார்டு மாறும்போதெல்லாம் ஆதாரமே மாறுகிறது. ஒவ்வொரு ஆதாரத்துக்கும் தூய சுரம் வேறு, மெட்டோ அசையாதது. எனவே எல்லாக் கார்டுக்கும் சிறிது சிறிதாகப் பிழையைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டால், இது மோசமான பேரம் அல்ல.

ஆகையால் கூடி வாசிப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. நால்வரும் ஒரே சுருதிமானியைக் கொண்டு, தந்தி தந்தியாக, அழுத்தாமல் மீட்டிச் சேர்க்க வேண்டும். கைப்பேசியிலேயே அந்த வசதி இப்போது உண்டு. ஏ சுரத்துக்கு 440 அதிர்வு என்பது 1939-ஆம் ஆண்டு லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்ட அளவு. யாராவது ஒருவர் கருவியில் இந்த எண் 432 என்றோ 442 என்றோ மாறிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும் சண்டைகள் இந்த ஓர் எண்ணால் வந்திருக்கின்றன. ஆர்மோனியமோ மவுத் ஆர்கனோ கூட இருந்தால் அதையே தலைவனாகக் கொள்ளுங்கள். அதைத் திருக முடியாது. அப்புறம் எந்தக் கார்டும் முழுத் தேனாக இராது, எதுவும் புளிக்காது.

யார் வாசிப்பது கேட்கிறது?

சுருதி சேர்ந்துவிட்டது. நால்வரும் ஓங்கி மீட்டுகிறார்கள். நான்கு மடங்கு சத்தம் கேட்க வேண்டுமே? கேட்காது. ஒலி மூலங்கள் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. பத்து கிதார்கள் சேர்ந்தால்தான் ஒரு கிதாரைப்போல் இருமடங்கு உரத்ததாக நம் செவி உணரும். ஆயினும் மூவர் ஆறு தந்திகளையும் விளாசும்போது, நான்காமவர் ஒற்றைத் தந்தியில் நெய்யும் மெட்டு அதில் மூழ்கிப்போகும். ஜாஸ் குழுக்களில் கிதார் வெகுகாலம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்ததற்கு இதுவே காரணம். தந்தியின்கீழ் காந்தமும் கம்பிச் சுருளும் வைத்து, எஃகுத் தந்தி அசையும்போது சுருளில் எழும் மின்சாரத்தைப் பெருக்கும் வித்தை 1930-களில் வந்தது. அடிப்படை, ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான். அந்தக் கிதாரை எடுத்துக்கொண்டு சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் 1941-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் என்ற விடுதியில் நள்ளிரவு ஜாம்களில் வாசித்தார். எக்காளங்களுக்கு ஈடாக அவருடைய ஒற்றைத் தந்தி ஒலித்தது. அந்தப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மறு ஆண்டே, 25 வயதில், காசநோயால் அவர் இறந்துபோனார்.

மின்சாரம் இல்லாத மாடியில் வேறொரு தந்திரம் உண்டு. ஒருவர் ஐந்தாம் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியைப் பூட்டி ஜி கார்டின் விரல் அமைப்பைப் பிடித்தால், வருவது சி கார்டு. மற்றவர் கவ்வி இன்றிச் சாதாரண சி கார்டைப் பிடிக்கலாம். ஒரே கார்டுதான், ஆனால் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகி ஒலிப்பதால் இரண்டும் தனித்தனியே கேட்கும். குதிரைக்கு அருகே மீட்டினால் உயர் சீரிசைகள் மிகுந்து ஒலி கூராகும். நடுவே மீட்டினால் மழுங்கி இனிமையாகும். இதையும் இருவர் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று: நெருங்கி, வட்டமாக உட்காருங்கள். நட்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவர் உங்களுக்கு 6 மில்லி விநாடி தாமதமாகக் கேட்கிறார். அது தெரியவே தெரியாது. பத்து மீட்டர் என்றால் 29 மில்லி விநாடி. இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவர் கைத்தட்டல் மற்றவருக்குத் தாமதித்துக் கேட்கும்படி செய்து சோதித்திருக்கிறார்கள். தாமதம் ஏறத்தாழ 25 மில்லி விநாடியைத் தாண்டியதும் தாளம் தானாக மந்தமாகத் தொடங்கியது. அவர் பிந்துகிறார் என்று இவர் காத்திருக்கிறார். இவர் பிந்துகிறார் என்று அவர் காத்திருக்கிறார். இப்படியே இழுபட்டுப் போகிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது உலகெங்கும் இசை நண்பர்கள் இணையத்தின் வழியே ஜாம் செய்ய முயன்றார்கள். படமும் ஒலியும் தெளிவாகவே வந்தன. ஆனால் வழக்கமான காணொளி அழைப்புகளில் தாமதம் பெரும்பாலும் பத்தில் ஒரு விநாடிக்கும் மேல். முப்பது மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். பலர் கடைசியில் ஒருவர் வாசித்து அனுப்பியதன்மேல் அடுத்தவர் வாசித்துச் சேர்க்கும் முறைக்கு மாறினார்கள்.