ரொக்கமே பெயரானது

கையிலுள்ள ரொக்கமே ஒரு வம்சத்தின் நாமதேயமாக நிலைத்துவிடக் கூடுமா? 18ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், குஜராத்தின் நவசாரியிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, சீன தேசத்தோடு வியாபாரம் செய்து பெருந்தனம் ஈட்டிய பார்சி சகோதரர் மூவருக்கு ‘ரெடிமனி’, அதாவது ரொக்கப் பணம், என்ற பட்டப்பெயர் வழங்கலாயிற்று. வியாபாரிக்கு இதைவிட உத்தமமான விளம்பரம் ஏது? அதையே அவர்கள் குடும்பப் பெயராகவும் ஏற்றுக்கொண்டார்கள். மூவரில் ஒருவருக்கே சந்ததி, அதுவும் பெண் மக்களே. ஆயினும் பெயர் மறையவில்லை. அந்த வம்சத்தில் மகள் வழியில் வந்த கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமனி, தர்மவான் என்று கீர்த்தி பெற்றதோடு, கடல் கடந்து லண்டன் மாநகரின் ரீஜண்ட் பூங்காவிலும் 1869இல் குடிநீர் நீரூற்று ஒன்றைக் கட்டுவித்தார். இன்றும் அதற்கு ரெடிமனி நீரூற்று என்றே பெயர்.