துப்பாக்கியும் அதன் கட்டையும்

குறிபார்த்துச் சுடும் ரைபிள் ஒன்றை உற்று நோக்கினால் அதில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் காணலாம். குழலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தாழும், அத்தாழ் ஓடுகின்ற கூடும் இரும்பால் ஆனவை. தோளில் சார்த்துவதும் கையால் தாங்குவதும் மரக்கட்டை. பழைய துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் அக்ரூட்டு மரமாக இருக்கும். கீழிருந்து மேலாக முடுக்கப்பட்ட இரண்டு அல்லது மூன்று திருகாணிகள் இவ்விரண்டையும் பிணைக்கின்றன. அப்பிணைப்பைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கிப் பழக்கமுடையோர் பலர் இந்த வேலையைத் தம் வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்கின்றனர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியைப் பழுதுபார்த்தல் கூடாது. ஆயினும் இதன் உட்பொருள் இயற்பியல் கற்கும் மாணவன் எவனும் அறியத்தக்கதே.

குண்டு முன்னே பாயும்பொழுது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அவ்வுதைப்பு இரும்பிலிருந்து மரத்திற்குச் சென்று, அங்கிருந்து தோளை அடைகிறது. இரும்புக் கூட்டின் அடியில் பல்லைப்போல் ஒரு சிறு கட்டி தொங்கும். உதைப்பைத் தாங்குவது அக்கட்டியின் பின்முகமே. 1898ஆம் ஆண்டின் ஜெர்மானிய மௌசர் துப்பாக்கியில் இது கூட்டோடு ஒன்றாகவே அமைந்திருந்தது. அதன் பின்னால் மரம் நசுங்காதபடி குறுக்கே ஓர் இரும்பாணியும் செருகப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அக்ரூட்டைவிட மென்மையான உள்நாட்டு மரத்தைக் கையாள நேர்ந்தபோது, உதைப்பு விழும் இடத்தில் செம்புத் தகடுகளைப் பதித்தனர். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையோ, லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முன்கட்டை பிளவாதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணியைச் சேர்த்தது. நோய் ஒன்றே, மருத்துவர்கள் மூவர்.

மரம் உயிரற்றதாயினும் அசைவற்றதன்று. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதை அறியாதார் யார்? மரம் இழையின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும், குறுக்குவாக்கில் மிகுதியாகவும் ஈரத்தால் வீங்கும். அங்ஙனம் வீங்கிய கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், நேற்று நடுவில் பட்ட குண்டு இன்று ஓரத்தில் படும். சுடுகிறவன் தன் கண்ணையும் மூச்சையும் நொந்துகொள்வான். போட்டியாளனுக்கு இதனால் இழப்பு சில புள்ளிகளே. வேட்டைக்காரன் செய்யும் சில அங்குலப் பிழையோ, காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து மெல்ல மெல்ல மடியும் ஒரு மானாக முடியும். ஆதலின் இதனை வெறும் பொழுதுபோக்கு நுணுக்கம் என்று தள்ளுதல் தகாது.

பிணைப்பு சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, தாழைக் கழற்றிவிட வேண்டும். இதனைச் செய்யாது எவ்வேலையையும் தொடங்கலாகாது. பின்னர்க் கட்டையின் முன்நுனியும் குழலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, முன் திருகாணியைத் தளர்த்தியும் முடுக்கியும் பார்க்கவேண்டும். குழல் விரலுக்குத் தெரியும்படி எழும்பித் தாழ்ந்தால், இரும்பு மேடுபள்ளமான படுக்கையில் வளைந்து கிடக்கிறது என்பது பொருள்.

முற்காலத்துத் தச்சர் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி மரத்தில் பதிப்பர், கறை பட்ட மேடுகளை உளியால் சுரண்டுவர், மீண்டும் பதிப்பர். பொறுமைக்குப் பெயர்போன வேலை அது. இக்காலத்தில் எபாக்சிப் பிசின் அவ்வேலையை எளிதாக்கிவிட்டது. 1960களில் அமெரிக்கப் படையின் எம்-14 போட்டித் துப்பாக்கிகளுக்கு இத்தகைய பிசின் படுக்கையே இடப்பட்டது. நம் கோயில்களில் திருவுருவத்தைப் பீடத்தில் நிறுத்த அட்டபந்தனம் சாத்துவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். ஒரு வேற்றுமை யாதெனில், அங்கே பெயராமை வேண்டும். இங்கே இரும்பைத் திரும்ப எடுக்கவும் வேண்டும்.

அந்த எடுத்தலில்தான் இடர் உள்ளது. இரும்பில் உள்ள துளையிலோ உட்குடைவிலோ பிசின் புகுந்து இறுகிவிட்டால், கட்டையை உடைத்தே துப்பாக்கியை மீட்க நேரும். ஆகவே துளைகளையெல்லாம் குழந்தைகள் பொம்மை பிடிக்கும் மெழுகுக் களிமண்ணால் நிரப்புவர். ஒட்டாமைக்கான மெழுகை இரும்பு முழுவதும், திருகாணிகளின் புரிகளிலும் பூசுவர். விடுபட்ட ஓர் இடம் போதும், அனைத்தையும் கெடுக்க. உதைதாங்கும் கட்டியின் முன்முகத்திலும் பக்கங்களிலும் அடியிலும் ஒட்டுநாடா ஒன்றிரண்டு சுற்று ஒட்டுவர். பின்முகத்தில் மட்டும் ஒட்டார். அப்பொழுது பின்முகம் பிசினோடு முழுதும் பொருந்தும். மற்றப் பக்கங்களில் மெல்லிய இடைவெளி அமையும்.

கட்டியைச் சுற்றியுள்ள மரத்தைச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, உயரம் மாறாதிருக்கச் சில இடங்களில் பழைய மரத்தை விட்டுவைத்து, இரு பகுதிப் பிசினையும் குறித்த அளவில் கலந்து இடவேண்டும். இரும்பை மெல்ல அமர்த்தித் திருகாணிகளை இலேசாகவே முடுக்குதல் வேண்டும். வலிந்து முடுக்கினால் பழைய வளைவே புதிய படுக்கையிலும் நிலைபெறும். செய்த வேலை வீண். பிதுங்கியதை உடனே துடைத்து, பிசினோடு தரப்பட்ட குறிப்பின்படி, பொதுவாக ஒரு நாள், அசையாது விட்டுவிடுவர். பிரிந்து வர மறுத்தால் இரப்பர்ச் சுத்தியால் தட்டுவர். சிலர் குளிர்பெட்டியில் வைத்து இரும்பைச் சற்றே சுருங்கச் செய்வர்.

பிரித்தபின் திருகாணித் துளைகளைச் சற்று அகலப்படுத்த வேண்டும். திருகாணியின் பக்கம் மரத்தில் உராய்ந்தால் உதைப்பு அதன்மேல் விழும். மீண்டும் பூட்டி, விரல் சோதனையைத் திரும்பச் செய்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே ஒரு காகிதத் துண்டு தடையின்றிச் செல்கிறதா என்று பார்ப்பர். குடைந்தபின் பிசின் படாத மரப்பகுதி ஏதேனும் எஞ்சியிருப்பின், அதற்கு வார்னிஷ் பூசியாக வேண்டும். ஈரம் அவ்வழியே புகுவதால். குறிக்கருவியையும் புதிதாகச் சரிசெய்துகொள்ளுதல் வேண்டும். படுக்கை மாறியபின் பழைய குறி பெரும்பாலும் பொருந்தாது.