‘மேற்கத்திய இசை’ என்று நாம் அழைப்பது

ஒரு பொருளைக் குறித்த தீர்ப்பு, அப்பொருளைச் சரிவர விளங்கிக் கொள்வதன் கிளையே ஆகும் என்பது உஸூல் பாடத்தின் தொடக்கத்திலேயே மாணவர் மனத்தில் பதிய வைக்கப்படும் விதி. அதனை ஆண்டுதோறும் கற்பித்து வந்த நானே அதனை மீறியதுண்டு. விடுதித் திண்ணையில் காதில் கம்பியைச் செருகிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை ஒருநாள் கண்டித்தேன். ‘இந்த அமெரிக்கக் கூச்சல் உமக்கு எதற்கு?’ என்றேன். அவர் கம்பியைக் கழற்றிவிட்டுப் பணிவுடன், ‘ஹஜ்ரத், இதைப் பாடுகிறவர்களின் முன்னோருள் ஆலிம்களும் இருந்தார்கள் என்கிறார்களே, மெய்தானா?’ என்று வினவினார். என்னிடம் விடை இல்லை. அவ்வினாவின் பின்னே சென்று படித்ததன் பயனே இக்கட்டுரை.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் சட்டப் பிரச்சினையை இங்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பாலான அறிஞர்கள் நரம்புக் கருவிகளைத் தடுத்ததும், மணவிழாவில் தஃப் அனுமதிக்கப்பட்டதும், இப்னு ஹஸ்ம் (ரஹ்) தடையைக் கூறும் அறிவிப்புகளைப் பலவீனமானவை எனக் கொண்டதும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் ஸமாஉக்கெனத் தனி நூற்பகுதி வகுத்ததும் வாசகர் அறிந்தவையே. தீர்ப்புக்கு முந்திய படியாகிய விளக்கமே என் நோக்கம்.

அவ்விளக்கத்தைத் தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை, மயிலாப்பூரிலிருந்தே தொடங்கலாம். லஸ் பகுதியில் சாயி லாட்ஜ் என்னும் விடுதியின் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் என்பவர் பியானோவும் கிதாரும் மேனாட்டு இசை எழுத்துமுறையும் கற்பித்து வந்தார். 1960களின் இறுதியில் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா அவரிடம் பயின்றார். பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் என அறியப்பட்ட சிறுவரும் அவரிடமே தொடக்கப் பாடம் கேட்டார். அரை நூற்றாண்டுத் தமிழ்த் திரையிசையின் போக்கை மாற்றிய இருவர் ஒரே ஆசானிடம் பயின்றனர் என்பதைச் சென்னை இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஸனதின் அருமை தெரிந்த நமக்கேனும் அது வியப்பளிக்க வேண்டும்.

ஆனால் அமெரிக்க ஓசை அதற்கு முன்பே நகருக்குள் வந்துவிட்டது. 1958இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில், கர்நாடக இசையில் தோய்ந்த ஜி. இராமநாதன் அமைத்த அரசவை நடனப் பாட்டொன்றின் நடுவே ராக் அண்ட் ரோல் தாளம் திடீரென வெடிக்கிறது. அமெரிக்காவில் அத்தாளம் பரவிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கொழும்பில் இளமையைக் கழித்த ஜே.பி. சந்திரபாபு குரலை மேலும் கீழுமாக உடைத்துப் பாடும் யோடலிங் முறையால் புகழ்பெற்றார். ஆல்ப்ஸ் மலை இடையரின் அக்கூவலை அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டில் நிலைபெறச் செய்தவருள் முதன்மையானவர் ஜிம்மி ராட்ஜர்ஸ் (1897-1933). இரயில் பாதையில் வேலை செய்த அவர், உடனுழைத்த கறுப்பினத் தொழிலாளரிடம் கேட்ட புளூஸ் பாட்டோடு அதனைக் கலந்தார். இசைத்தட்டும் வானொலியும் எந்தப் பாட்டை எந்தத் தெருவுக்குக் கொண்டு சேர்த்தன என்பதை முன்கூட்டி எவராலும் சொல்லியிருக்க முடியாது.

அதே 1958இல் அமெரிக்க அரசே ஜாஸ் இசையைச் சென்னைக்கு அனுப்பியது. அந்நாட்டு வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் வந்த டேவ் புரூபெக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, இங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார். சுதந்திர நாட்டின் இசை இது என்று உலகுக்குக் காட்டுவதே அப்பயணத்தின் அரசியல் நோக்கம். அக்குழுவிலிருந்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். அவரை நீக்கிவிட்டு வாருங்கள் என்று அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் கேட்டன, புரூபெக் மறுத்தார், 1960இல் அங்கு நடக்கவிருந்த கச்சேரிகளுள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. சென்னை மேடையில் கண்ணியத்தோடு அமர்ந்தவருக்குச் சொந்த நாட்டுக் கல்லூரி மேடையில் இடமில்லை.

அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தின் மாணவர் கலைவிழா 1990களின் நடுப்பகுதி வரை ‘மார்டி கிரா’ என்றே அழைக்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கிறிஸ்தவத் திருவிழாப் பெயர் அது. இன்று அவ்விழா ‘சாரங்’. பெயர் மாறியது, ராக் இசை இரவு நின்றபாடில்லை.

1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தபோது கற்றோர் பலர் முகஞ்சுளித்தனர். பாட்டாக இல்லை, பேச்சாக இருக்கிறது என்றனர். அது குறையன்று, அவ்வகையின் இலக்கணமே அதுதான் என்பதை அன்று நானும் அறியேன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் நடத்திய வீட்டு விருந்தொன்றை ஹிப்ஹாப்பின் பிறப்பாகக் கொள்வர். வறியோர் குடியிருப்பின் அன்றாடப் பேச்சைத் தாளத்தில் அடுக்குவது அதன் வழி. ரஹ்மான் அதனைச் சென்னை வீதியின் பேச்சுக்குப் பொருத்தினார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதிக்கொடுமையை நேருக்கு நேர் பாடியது. பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து எடுத்துக்கொண்டது. கானாவின் வேர்களுள் ஒன்றாகக் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைச் சுட்டுவாரும் உளர். அவர் அடங்கியிருப்பது வடசென்னையில் என்பது அக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது; நிறுவுகிறது என்று சொல்ல மாட்டேன்.

இவை அனைத்தையும் நாம் ‘மேற்கத்திய இசை’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். ராக் அண்ட் ரோலைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால் ரிதம் அண்ட் புளூஸ், அதற்கும் முன்னே புளூஸ். அதற்கும் முன்னே பருத்தித் தோட்டத்திலும் ஆற்றங்கரை அணைவேலையிலும் தனியொருவர் குரலெடுத்துக் கூவிய கூவல். கூவியவர்கள் மேற்காப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர்.

1739இல் தென் கரோலைனாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசும் கொம்பும் முழக்குவதைத் தடைசெய்தது. கிளர்ச்சிக்கு அழைக்கும் கருவி முரசு என்பது ஆண்டைகளின் அச்சம். முரசு போனபின் நரம்புக் கருவியும் தனிக்குரலும் தப்பிப் பிழைத்தன. செனெகல், மாலி போன்ற ஸஹாரா விளிம்பு நாட்டினர் அவ்விரண்டிலும் தேர்ந்தவர். அவர்களிடையே இஸ்லாம் பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்தது. பாஞ்சோ என்னும் அமெரிக்கக் கருவியின் மூதாதையரை அப்பகுதியின் தோல்போர்த்த யாழ்களில் காண்கின்றனர். கெர்ஹார்ட் கூபிக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அசையைப் பல சுரங்களில் அலைத்து நீட்டும் புளூஸ் குரல்முறைக்கு அம்முஸ்லிம் நிலப்பரப்பை ஒரு மூலமாகக் காட்டினார். ஸில்வியான் டியூஃப் என்னும் வரலாற்றாசிரியை தம் உரைகளில் பாங்கு ஒலிப்பதிவையும் அணைவேலைக் கூவலையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து ஒப்பிடுவார். பாங்கு இசையன்று, ஆயினும் அதனை ஐவேளையும் கேட்டு வளர்ந்த தொண்டை, துன்பத்தில் கூவும்போது எப்படிக் கூவும் என்பது நியாயமான கேள்விதான்.

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். நம்மவர் சிலர் ‘புளூஸ் முஸ்லிம்களின் கொடை’ என மேடையில் முழங்கத் தொடங்கியுள்ளனர். அது மிகை. தேவாலயத் துதிப்பாட்டும், ஐரோப்பியக் கிதாரும், முஸ்லிமல்லாத ஆப்பிரிக்கரின் தாளமும் அதில் சம பங்கினவாகக் கலந்துள்ளன. தென்கடற்கரைக் கறுப்பினக் கிறிஸ்தவர் வட்டமாகச் சுற்றிவந்து பாடும் ‘ரிங் ஷவுட்’ என்னும் வழிபாட்டின் பெயர், தவாஃபின் ஒரு சுற்றைக் குறிக்கும் ‘ஷவ்த்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென லொரென்ஸோ டர்னர் என்னும் மொழியியலார் கருதினார். அரபு கற்பிப்பவன் என்ற முறையில் இதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் கூவுதலைக் குறிக்கும் எளிய ஆங்கிலச் சொல் கண்ணெதிரே இருக்கும்போது, ஓசை ஒப்புமை ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பது நம் ஸர்ஃபு ஆசிரியர்கள் ஏற்காத முறை.

பிற்காலத்தில் இஸ்லாத்தை நாடிவந்த ஜாஸ் கலைஞர்களின் கதை வேறு. யூஸுஃப் லத்தீஃப் (1920-2013) அவர்களுள் ஒருவர். அவர் அஹ்மதிய்யா இயக்கத்தவர். அதன் கொள்கையில் நமக்குள்ள மறுப்பு தெரிந்ததே. ஆயினும், மது பரிமாறப்படும் இடங்களில் இனி வாசிப்பதில்லை என 1980களில் அவர் முடிவெடுத்ததை, வருமானத்தின் பெரும்பகுதியை மதுவிடுதிகளே தந்த தொழிலில் இருந்தவரின் முடிவு என நினைவிற்கொண்டு எடைபோட வேண்டும்.

மாணவரின் வினாவுக்கு வருகிறேன். ஜார்ஜியா மாநிலத்து ஸபேலோ தீவில் பிலாலி முஹம்மத் என்றோர் அடிமை வாழ்ந்தார். பிறந்த ஊர் இன்றைய கினியாவின் ஃபூட்டா ஜாலோன் மலைநாட்டுத் திம்போ. தம் கைப்பட அரபியில் எழுதிய 13 பக்கங்களை அவர் விட்டுச் சென்றார். பல்லாண்டுகள் அதனை நாட்குறிப்பு என்றே நம்பினர். ஜோஸஃப் கிரீன்பெர்க் என்னும் மொழியியலார் நைஜீரிய ஆலிம்களின் உதவியோடு அதனைப் படித்து, 1940இல் உண்மையை வெளியிட்டார். அது நாட்குறிப்பன்று; ஹிஜ்ரி 386இல் மறைந்த இப்னு அபீ ஸைத் அல்கைரவானீ (ரஹ்) அவர்களின் ‘ரிஸாலா’ என்னும் மாலிகீ ஃபிக்ஹு நூலின் பகுதிகள். கிதாபு கைவசமின்றி, இளமையில் ஓதியதை நினைவிலிருந்து எழுதியிருக்கிறார் என்பதே அறிஞர் பலரின் கருத்து. எழுத்துப் பிழைகளும் சிதைவுகளும் நிறைய உண்டு.

இதனை அம்மாணவரிடம் கூறியபோது அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, ‘எந்தப் பாடத்தை எழுதினார், ஹஜ்ரத்?’ என்றார். முன்னுரையும், வுளூவின் பாடமும், பாங்கின் பாடமும் என்றேன்.